அறுபது நிமிட கேசட்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட் என்ற அமெரிக்க ராக் குழு நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் வாசித்த கச்சேரியின் பதிவான 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்' ஆல்பம் பற்றி ஒரு சந்தேகம். அப்பாவிடம் இருந்த கேசட்டில்தான் அதை முதலில் கேட்டேன். இப்போது ரீமாஸ்டர் செய்த பதிப்பை வாங்கிக் கேட்டால் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது, உயிர் மட்டும் இல்லை. அந்தப் பழைய இரைச்சலையும் கதகதப்பையும் துடைத்து எடுத்துவிட்டார்கள். மூலத்தில் இல்லாத வாத்தியம்கூட ஓரிடத்தில் கேட்கிறது. முதல் எல்பிதான் உண்மையானது, மற்றதெல்லாம் வியாபாரம் என்று அமெரிக்க ரசிகர்களே சொல்கிறார்கள். சதர்ன் ராக் என்ற வகையையே இந்த ரீமாஸ்டர்கள் கெடுத்துவிட்டன. நியூயார்க் அரங்கின் வாசலில் எடுத்த அந்த அட்டைப்படத்தில்கூட இப்போது கருப்பு அதிகமாகிவிட்டது. மூலத்துக்கு மிக நெருக்கமான பதிப்பு எது? எதை வாங்கலாம்?

கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

எது வாங்கலாம் என்று கேட்கும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் போடுவதில்லை. உங்கள் கடிதம் வந்த அன்றுதான் பரண்மேலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கியிருந்தேன். எல்லாம் கேசட்டுகள். தூக்கிப்போடச் சொல்லி வீட்டில் நான்கு வருடமாகச் சண்டை. அடியில் இந்த ஆல்பம் கிடந்தது. அதனால் தப்பித்தீர்கள்.

அட்டைப்படம் நியூயார்க்கில் எடுத்ததே அல்ல. ஜார்ஜியாவில் மேக்கன் என்ற ஊரில், ஒரு செங்கல் சுவரின் முன்னால், ஜிம் மார்ஷல் எடுத்தது. கருப்பு கூடியிருக்கிறதா என்று பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. சதர்ன் ராக் கெட்டுப்போன கதையும் வேண்டாம். குழுவின் பாடகர் கிரெக் ஆல்மனுக்கே அந்தப் பெயர் பிடிக்காது. ராக் பிறந்ததே தெற்கில்தானே, அப்புறம் எதற்கு முன்னால் ஒரு 'தெற்கு' என்பது அவர் கட்சி.

இனி திட்டு. இல்லாத வாத்தியம் கேட்கிறது என்கிறீர்கள், அதற்கு ரீமாஸ்டரைக் குற்றம் சொல்கிறீர்கள். ரீமாஸ்டர் என்பது கலந்து முடித்த நாடாவை எடுத்து அதன் கனம், கூர்மை, சத்த அளவு ஆகியவற்றைச் சரிசெய்வது. அதில் புதிதாக ஒரு வாத்தியம் முளைக்க வழியே இல்லை. பதினாறு தடங்களில் தனித்தனியாகப் பதிவானதற்கே திரும்பிப்போய் எல்லாவற்றையும் மறுபடி கலப்பது ரீமிக்ஸ். ஆறின குழம்பைச் சூடுபண்ணுவதும் மறுபடி புளி கரைப்பதும் ஒன்றா? நீங்கள் கேட்டது வேறு பதிப்பு. உறையின் பின்பக்கத்தைப் படிக்காமல் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டீர்கள்.

ஒன்றில் மட்டும் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். தொண்ணூறுகளுக்குப் பிறகு வந்த பல ரீமாஸ்டர்களில் மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் இழுத்து ஒரே மட்டத்தில் நிறுத்திவிட்டார்கள். இந்தக் குழுவில் ஜெய்மோ, புட்ச் டிரக்ஸ் என்று இரண்டு டிரம்மர்கள். அவர்கள் அடங்கி வாசிக்கும்போது அடங்கித்தான் கேட்கவேண்டும்.

சரி, மூலத்துக்கு வருவோம். எதை ஐயா மூலம் என்கிறீர்கள்?

1971 மார்ச் 12, 13. நியூயார்க்கில் அரங்கத்துக்கு வெளியே நின்ற ஒலிப்பதிவு வண்டிக்குள் ஆல்பத்தின் தயாரிப்பாளர் டாம் டவுட் உட்கார்ந்திருக்கிறார். இளவயதில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர். அப்போதுதான் ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பியிருந்தார். கிரெக்கின் அண்ணன், குழுவின் கிடார்காரர் டுவேன் ஆல்மன் யாரிடமும் சொல்லாமல் சாக்ஸஃபோன் ஆட்களை மேடைக்கு அழைத்து வந்திருந்தார். டவுட்டுக்குப் பகீர் என்றது. அவர்களை அனுப்பிவிடச் சொன்னார். இரவு கச்சேரி முடிந்ததும் எல்லோரும் அட்லாண்டிக் ஸ்டுடியோவுக்குப் போய் நாடாவைப் போட்டுக் கேட்டு, எது தேறியது, நாளைக்கு எதைத் திரும்ப வாசிப்பது என்று முடிவு செய்தார்கள். நாலு காட்சிகளில் பொறுக்கி எடுத்த ஏழு பாட்டுகள்தான் ஜூலையில் வந்த அந்த இரட்டை எல்பி. 'ஸ்டார்மி மண்டே'யில் தாம் டூசெட் வாசித்த ஹார்மோனிகா பகுதியையே வெட்டிவிட்டார் டவுட். பின்னால் வந்த பதிப்புகளில் அதைத் திரும்பச் சேர்த்தார்கள். நீங்கள் கேட்ட 'இல்லாத வாத்தியம்' அநேகமாக அதுதான். அன்று இரவு மேடையில் நிஜமாக ஒலித்தது அது. எல்பியில் இருப்பது வெட்டியது. இப்போது சொல்லுங்கள், எது மூலம்?

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திருச்சியில் கல்லூரி விடுதியில் எனக்கு மூத்த மாணவர் ஒருவரிடம் இந்த எல்பி இருந்தது. அவருடைய மாமா கப்பலில் வேலை. ஒரு நாள், ஒரே நாள், எனக்கு இரவல் கொடுத்தார். ரெக்கார்டிங் கடைக்கு ஓடினேன். மொத்தம் எழுபத்தெட்டு நிமிடம், தொண்ணூறு கேசட்டில் போடுங்கள் என்றேன். "தொண்ணூறு வேணாம் தம்பி, நாடா மெலிசு, சிக்கிக்கும்" என்றார் கடைக்காரர். பையில் இருந்த காசும் அறுபதுக்குத்தான் காணும். அதிலேயே போட்டுக் கொடுத்தார். இரண்டாம் பக்கத்தில் முதல் இரண்டு பாட்டுகள் பதினெட்டு நிமிடத்தைச் சாப்பிட்டுவிட, மிச்சத்தில் 'விப்பிங் போஸ்ட்'. பெர்ரி ஓக்லியின் பாஸ் கிடாரில் பதினோரு எண்ணிக்கையில் தொடங்குமே, தகிட தகிட தகிட தக என்று போட்டுப் பாருங்கள், அச்சாக உட்காரும். இருபத்திரண்டரை நிமிடப் பாட்டு. என் கேசட்டில் பன்னிரண்டாவது நிமிடத்தில் டக். அவ்வளவுதான்.

எட்டு வருடம் எனக்கு அந்தப் பாட்டு அங்கேதான் முடிந்தது. பிறகு சென்னையில் ஒரு நண்பர் வீட்டில் சிடி போட்டார். அந்த இடம் வந்ததும் கேசட்டைத் திருப்பிப்போட எழுந்து நின்றுவிட்டேன். பாட்டு நிற்கவில்லை. இன்னும் பத்து நிமிடம் போயிற்று. எனக்குப் பிடிக்கவில்லை, கதிரவன். யாரோ பின்னால் ஒட்டுப்போட்ட மாதிரி இருந்தது. இழுக்கிறார்கள் என்று நண்பரிடம் சொன்னேன். டுவேன் ஆல்மன் வாசித்ததை டுவேன் ஆல்மனின் பாட்டில் இடைச்செருகல் என்று சொன்ன ஆள் நான். நண்பர் ஒன்றும் சொல்லாமல் காபி போடப் போய்விட்டார்.

நீங்கள் 'பழைய பதிவின் இரைச்சல்' என்கிறீர்களே, அது பெரும்பாலும் நாடாவுக்கு நாடா மாற்றிய கடையின் இரைச்சல், அப்பாவின் டேப்ரெக்கார்டர் ஹெட்டில் படிந்த அழுக்கு. நியூயார்க்கில் அப்படி ஒரு சத்தம் இல்லவே இல்லை. அதை எந்த ரீமாஸ்டரும் துடைக்கவில்லை. அவர்களிடம் அது இருந்ததே இல்லை.

அந்தப் பத்து நிமிடத்தோடு நான் ராசியாக இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று. இப்போது எனக்கு அதில் மிகவும் வேண்டியது கடைசி சில நொடிகள். 'விப்பிங் போஸ்ட்' முடிந்து கைதட்டல் எழும்போதே புட்ச் டிரக்ஸ் டிம்பனி என்ற பெரிய மேளத்தில் அடுத்த பாட்டைத் தொடங்கிவிடுகிறார். அது 'மவுண்டன் ஜாம்'. தொடங்கியதும் சத்தம் மெல்லக் குறைந்து எல்பி முடிந்துவிடும். மீதியை, முப்பத்து மூன்று நிமிடத்தை, 1972 பிப்ரவரியில் 'ஈட் எ பீச்' ஆல்பத்தில்தான் கேட்க முடிந்தது. அதையும் எல்பியின் இரண்டு பக்கங்களுக்குப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதற்குள் டுவேன் இல்லை. 1971 அக்டோபர் 29, மேக்கனில் மோட்டார் சைக்கிள் விபத்து. வயது 24. ஜூலையில் எல்பி வாங்கி, அந்த டிம்பனி தேய்ந்து போவதைக் கேட்டு, அடுத்ததில் வரும் என்று காத்திருந்தவர்களை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இன்று இரண்டையும் வரிசையாக வைத்து இடைவெளி இல்லாமல் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எல்பியில் தேய்கிற மாதிரியே கேட்கத்தான் எனக்கு விருப்பம். இது நியாயமா என்று கேட்காதீர்கள்.

உங்கள் கேள்வி மறந்தே போயிற்று. ஏழு பாட்டு மட்டும் உள்ள பதிப்பு எதுவானாலும் வாங்குங்கள். 2014இல் வந்த ஆறு சிடி பெட்டி இப்போதைக்கு வேண்டாம். மார்ச் காட்சிகள் நான்கும், அரங்கம் மூடிய ஜூன் 27 இரவும் அதில் இருக்கின்றன. டவுட் விரட்டிய சாக்ஸஃபோன்கூடக் கேட்கும். ஒரே பாட்டு திரும்பத் திரும்ப வரும். ஐந்து வருடம் கழித்து வாங்குங்கள், அப்போது அதுதான் சுகம்.

அப்பாவின் கேசட்டை ஒரு முறை முழுக்க முன்னால் ஓட்டி, முழுக்கப் பின்னால் சுற்றி, நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைக்காதீர்கள். அது அறுபதா தொண்ணூறா என்றும் பாருங்கள். அறுபது என்றால், அதில் 'விப்பிங் போஸ்ட்' எந்த இடத்தில் நிற்கிறது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.