இத்தாலிய வினைச்சொற்களின் நிகழ்கால வடிவங்களை எளிதாகக் கற்பது எப்படி?

ஒவ்வொரு வினைக்கும் ஆறு வடிவங்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஒழுங்கான வினைகள் ஆரே, ஏரே, ஈரே என்று முடியும் 3 வகைகளுக்குள் அடங்கிவிடும்.

பர்லாரே (பேசுதல்) என்பதில் ஆரேயை நீக்கினால் பர்ல் என்ற பகுதி மிஞ்சும். அதோடு விகுதி சேருங்கள்: பார்லோ (பேசுகிறேன்), பார்லி (பேசுகிறாய்), பார்லா (பேசுகிறான், பேசுகிறாள்), பர்லியாமோ (பேசுகிறோம்), பர்லாத்தே (பேசுகிறீர்கள்), பார்லனோ (பேசுகிறார்கள்). தமிழைப் போலவே விகுதியே ஆளைக் காட்டிவிடுவதால் நான், நீ என்று சொல்லத் தேவையில்லை. நமக்கு இது பெரிய வசதி!

நான், நீ, நாம் ஆகியவற்றுக்கான ஓ, இ, இயாமோ மூன்று வகைக்கும் பொது. மற்றவை கொஞ்சம்தான் மாறும்: எழுதுதலைக் குறிக்கும் ஸ்க்ரீவெரே, ஸ்க்ரீவே (எழுதுகிறாள்), ஸ்க்ரிவேத்தே, ஸ்க்ரீவொனோ என்று வரும்.

ஈரே வகையில்தான் கவனம் தேவை. தொர்மீரே (தூங்குதல்) நேராக தோர்மோ ஆகும். ஆனால் ஃபினீரே (முடித்தல்) நடுவில் ஓர் இஸ்க் சேர்த்து ஃபினிஸ்கோ ஆகும். ஃபினியாமோ, ஃபினீத்தே இரண்டில் மட்டும் அது வராது. எது எந்தப் பக்கம் என்பதைச் சொல்லோடு சேர்த்தே படித்துவிடுங்கள்.

அப்புறம் உச்சரிப்பு. பார்லனோவில் அழுத்தம் முதல் அசையில் விழும். பர்லானோ என்று நீட்டாதீர்கள்.