எழுதியவர் பெயர் இல்லாத மனு

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க காமிக்ஸில் 'டூம் பேட்ரோல்' என்னும் சூப்பர்ஹீரோ அணியைப் பற்றி நீங்கள் முன்பு எழுதிய ஒரு குறிப்பின் வழியாகத்தான் நான் அந்த உலகத்துக்குள் வந்தேன். 2023இல் அதன் கடைசித் தொடர் ஏழு இதழ்களோடு நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் தொலைக்காட்சித் தொடரும் நான்காவது சீசனோடு முடிந்தது. அணியை மீண்டும் கொண்டுவரும்படி அதை வெளியிடும் டி.சி. நிறுவனத்தைக் கேட்டு, என்னைப் போன்ற ரசிகர்கள் சேர்ந்து ஒரு மனு தயாரித்திருக்கிறோம், இத்துடன் இணைத்துள்ளேன். ரசிகர்கள் கேட்டால் நிறுவனம் செவிசாய்க்குமா? தொலைக்காட்சிதான் காமிக்ஸைக் கொன்றது என்று என் நண்பன் சொல்கிறான். அது சரியா? ரோபாட்மேனும் எலாஸ்டி-கேர்ல் ரீட்டாவும் எனக்கு வீட்டு மனிதர்களைப் போன்றவர்கள். அவர்கள் இல்லாமல் மாதங்கள் வெறுமையாக இருக்கின்றன.

ர.,
திருப்பூர்

அன்புள்ள ர.,

1968ஆம் ஆண்டில் வந்த டூம் பேட்ரோல் 121ஆம் இதழை மீண்டும் படித்து, அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்தது. கேட்டதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: அந்த அணி திரும்பி வரும். 1968இல் முடிந்தது 1977இல் வந்தது. பிறகு 1987, 2001, 2004, 2009, 2016, 2019 என்று ஒவ்வொரு முறையும் யாரேனும் அதை மீண்டும் தொடங்கியிருக்கிறார்கள். பெயரின் உரிமை டி.சி.யிடம் இருக்கிறது, விற்கக்கூடிய ஒரு பெயரைப் பெருநிறுவனங்கள் நெடுங்காலம் கிடப்பில் போடுவதில்லை. நீங்கள் வருந்தும் 2023ஆம் ஆண்டுத் தொடர் பாதியில் நிறுத்தப்பட்டதும் அல்ல. அது தொடக்கத்திலேயே குறுந்தொடராக அறிவிக்கப்பட்டது. உங்கள் நண்பரின் கருத்தில் நான் நேரம் செலவிட விரும்பவில்லை. 1968இலும் 1995இலும் 2003இலும் 2006இலும் 2011இலும் இந்த இதழ் நின்றபோது அதற்குத் தொலைக்காட்சித் தொடரே கிடையாது. மனுக்களுக்கு நிறுவனம் செவிசாய்க்குமா என்றால், அமெரிக்காவிலுள்ள காமிக்ஸ் கடைக்காரர்கள் இதழ் வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, பெரும்பாலும் திருப்பித் தர முடியாத நிபந்தனையில், தமக்கு வேண்டிய படிகளை முன்பதிவு செய்கிறார்கள். ஒரு தொடரின் ஆயுளைத் தீர்மானிப்பதில் அந்த எண்ணிக்கைக்குத்தான் கனம் அதிகம்.

நான் எழுத உட்கார்ந்தது இவற்றுக்காக அல்ல. நீங்கள் இணைத்திருந்த மனுவுக்காக. ரோபாட்மேன், எலாஸ்டி-கேர்ல், நெகடிவ் மேன், சீஃப், கிரேஸி ஜேன் என்று பாத்திரங்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொருவரும் ஏன் உங்களுக்கு முக்கியம் என்று மனம் கசிந்து எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இவர்களை உண்டாக்கிய ஒரு மனிதரின் பெயர்கூட அதில் இல்லை. இத்தனை அன்பு வைத்திருக்கும் ஒருவருக்கு அந்தப் பெயர்களைத் தேட வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை? இதைக் கோபத்தோடுதான் கேட்கிறேன்.

121ஆம் இதழில் என்ன நடந்தது என்பதை உங்கள் நண்பர்களுக்கும் சொல்லுங்கள். ஜெனரல் ஸால் என்னும் வில்லன், அப்போது அணியில் இருந்த நால்வரையும் ஒரு தீவில் மடக்கி, அவர்கள் முன் ஒரு தேர்வை வைக்கிறான். மெய்ன் மாநிலத்தில் காட்ஸ்வில் என்று ஒரு சிறு மீனவ ஊர். அங்கே இருப்பவர்கள் வெறும் 14 பேர். அவர்கள் சாக வேண்டும், அல்லது நீங்கள் சாக வேண்டும். முன்பின் அறியாத 14 பேருக்காக இந்த நால்வரும் உயிர்ப்பிச்சை கேட்டுக் கெஞ்சாமல் தங்கள் சாவைத் தேர்ந்துகொள்கிறார்கள். தீவு வெடித்துச் சிதறுகிறது. அந்த ஊர் தன் பெயரை 'நான்கு வீரர்கள்' என்று மாற்றிக்கொள்கிறது. அந்நாளைய அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸில் ஒரு முழு அணியையும் இப்படிக் கொன்று இதழை முடிப்பது கேள்விப்படாத ஒன்று. கதையின் தொடக்கத்திலும் முடிவிலும் ஓவியர் புரூனோ பிரமியானியும் இதழாசிரியர் மர்ரே போல்டினாஃபும் தாங்களே பாத்திரங்களாகத் தோன்றி, இவர்கள் மீண்டு வருவது வாசகர்களாகிய உங்கள் கையில் இருக்கிறது, கடிதம் எழுதுங்கள் என்று கேட்கிறார்கள். நீங்கள் இன்று எழுதும் மனுவுக்கு மூலம் அந்தப் பக்கங்கள்.

அந்தப் பக்கங்களில் ஓவியருக்கு அருகில் நின்றிருக்க வேண்டியவர் போல்டினாஃப் அல்லர். 1963ஆம் ஆண்டு ஜூன் மாத இதழில் பாப் ஹேனியோடு சேர்ந்து முதல் கதையை எழுதி, பிறகு கடைசி இதழ்வரை இந்த அணியைத் தன் கையில் வைத்திருந்த அர்னால்ட் டிரேக்தான் அங்கே இருந்திருக்க வேண்டும். டிரேக்கே பிற்காலத்தில் சொன்னபடி, ஊதியத் தகராறில் அவர் அப்போதுதான் நிறுவனத்தை விட்டு விலகியிருந்தார். அதனால் அவருடைய இடத்தில் இதழாசிரியர் வந்து நின்றார். போல்டினாஃப் மீது வைத்திருந்த நட்புக்காக மட்டுமே கடைசிக் கதையை முடித்துக் கொடுத்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார். டிரேக், பில் ஃபிங்கர், கார்ட்னர் ஃபாக்ஸ், ஆட்டோ பைண்டர் போன்ற மூத்த எழுத்தாளர்கள் சிலர் அந்த ஆண்டுகளில் கூடுதல் ஊதியமும் மருத்துவக் காப்பீடும் கேட்டார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கி, எழுதியதன் மேலுள்ள உரிமை முழுவதையும் விட்டுக்கொடுத்துவந்தவர்கள் அவர்கள். விற்பனையில் எழுத்தாளருக்குப் பங்கு என்னும் ஏற்பாடு டி.சி.யில் 1980களின் தொடக்கத்தில்தான் வந்தது. கேட்டவர்களில் பலருக்கு அடுத்த சில ஆண்டுகளில் அங்கே வேலை குறைந்தது.

ஆக, 1968இல் வாசகர்களிடம் கேட்கப்பட்டது என்ன என்பதைச் சற்று நின்று யோசியுங்கள். நான்கு காகித வீரர்களை உயிர்ப்பிக்கும்படி கேட்டார்கள். அவர்களை எழுதியவரைத் திரும்ப அழையுங்கள் என்று எழுதும்படி எவரும் வாசகர்களிடம் சொல்லவில்லை. டிரேக் போட்டி நிறுவனமான மார்வலுக்குப் போய் சிறிது காலம் எக்ஸ்-மென் எழுதினார். ஜீன் கோலனுடன் சேர்ந்து 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' என்ற புதிய அணியை உண்டாக்கினார். அந்தப் பெயரில் 2014இல் திரைப்படம் வந்தபோது உலகமே பார்த்தது. டிரேக் 2007இலேயே இறந்துபோயிருந்தார்.

என் தாய்மாமா ஒருவர் மாத நாவல்கள் எழுதினார். அவருடைய பெயரில் அல்ல. பதிப்பகம் வைத்திருந்த ஒரு பொதுப்பெயரில். ஒரு நாவலுக்கு ஒரு தொகை, அத்தோடு கணக்கு முடிந்தது. அவர் உருவாக்கிய துப்பறிவாளனுக்குத் தமிழகமெங்கும் வாசகர்கள் இருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலம் அது. மூர் மார்க்கெட்டில் அட்டை கிழிந்த அமெரிக்க காமிக்ஸ் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவேன். அவற்றைக் கையில் எடுத்ததும், "இதை எழுதினவர் யார்?" என்று கேட்பார். எனக்குத் தெரியாது. வீரர்களின் ஆற்றல்கள் எல்லாம் தெரியும், அவர்களுடைய எதிரிகள் எல்லாம் தெரியும், அது மட்டும் தெரியாது. அவர் ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பின்பு ஒரு தீபாவளிக்கு முன் தொகையை உயர்த்தித் தரும்படி அவர் கேட்டதும், பதிப்பகத்தார் அவருக்கு வேலை தருவதை நிறுத்திவிட்டார்கள். துப்பறிவாளன் சில மாதங்கள் வரவில்லை. அவன் எங்கே, எப்போது வருவான் என்று வாசகர் கடிதங்கள் குவிந்தன. அவற்றில் சிலவற்றை அடுத்த நாவலின் கடைசிப் பக்கங்களில் அச்சிட்டார்கள். மாமா அவற்றை ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தார். "என்னை ஒருத்தரும் தேடலை பாரு" என்று அத்தையிடம் சொன்னார். துப்பறிவாளன் திரும்பி வந்தான். வேறு யாரோ எழுதினார்கள். வாசகர்கள் மகிழ்ந்து நன்றிக் கடிதம் எழுதினார்கள். மாமா அதன்பிறகு எழுதவே இல்லை.

உங்கள் மனுவைப் படித்தபோது அந்த நன்றிக் கடிதங்கள்தாம் நினைவுக்கு வந்தன. அதனால்தான் என் குரல் உயர்கிறது. நீங்கள் கெட்ட மனிதர் என்று எண்ணி அல்ல. ஒரு கற்பனை மனிதன் உலோக உடலுக்குள் மூளை மட்டுமாக அடைபட்டு வாடுவதைப் படித்துக் கண்கலங்கத் தெரிந்த நெஞ்சம் உங்களுடையது. அந்த ஈரத்தில் ஒரு துளி, அதை எழுதி வீட்டு வாடகை கட்டிய மனிதருக்கும் போகட்டும் என்கிறேன்.

இதில் நன்றியுணர்ச்சி மட்டும் இல்லை, உங்கள் நலனும் இருக்கிறது. டூம் பேட்ரோலின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 1977இல் பால் கப்பர்பெர்க் எழுத்தில் அணி திரும்பியது. ரோபாட்மேன் ஒருவரைத் தவிர மற்றவர்கள் புதியவர்கள். 1987இல் அவரே தனி இதழாகவும் தொடங்கினார், 18 இதழ்கள் எழுதினார். அது அந்நாளைய மற்ற அணிக் கதைகளிலிருந்து பெரிதாக வேறுபடாத, ஒழுங்கான ஒரு காமிக்ஸ். 1989இல் 19ஆம் இதழிலிருந்து கிரான்ட் மாரிசன் எழுத, ரிச்சர்ட் கேஸ் வரைந்தார். அதே நிறுவனம், அதே தலைப்பு, வரிசை எண்கூட மாறவில்லை. ஆனால் அந்த இதழிலிருந்து அது வேறு புத்தகம். உங்கள் மனுவில் உருகி உருகி எழுதியிருக்கிறீர்களே, கிரேஸி ஜேன், அவள் வந்தது அப்போதுதான். தெருவே ஒரு பாத்திரமாக நடமாடும் டானி வந்ததும் அப்போதுதான். டிரேக்கின் கதைகளில் இருந்த விநோதத்தை, உடலாலும் மனத்தாலும் காயம்பட்டவர்கள் ஒன்றாக வாழ முயல்வதில் இருக்கும் விநோதத்தை, மாரிசன் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்கினார். பெயர் திரும்பி 12 ஆண்டுகள் ஆகியிருந்தன; உயிர் திரும்பியது அதை எழுத ஓர் ஆள் வந்த பிறகு. 2004இல் ஜான் பைர்ன் முந்தைய வரலாறு எதையும் கணக்கில் கொள்ளாமல் அணியைப் புதிதாகத் தொடங்கினார். "அணியைத் திரும்பக் கொண்டுவாருங்கள்" என்ற வேண்டுகோளுக்கு அதுவும் முறையான பதில்தான். 18 இதழ்களில் முடிந்தது.

வாசகரின் கடிதத்துக்கு வலிமையே இல்லை என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். மாரிசன் விலகப்போகிறார் என்று தெரிந்ததும் ரேச்சல் பொல்லாக் என்னும் எழுத்தாளர், இதழின் வாசகர் பகுதிக்கு மாதந்தோறும் விளையாட்டாகக் கடிதம் எழுதித் தனக்கு அந்த வேலையைத் தரும்படி கேட்டுவந்தார். 1993இல் 64ஆம் இதழிலிருந்து அவரே எழுதினார். தானே திருநங்கையான பொல்லாக், கேட் காட்வின் என்ற திருநங்கை வீராங்கனையை அணிக்குள் கொண்டுவந்தார். 1990களின் அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸில் அது துணிச்சலான செயல். 1995இல் 87ஆம் இதழோடு எல்லாம் நின்றது. மாரிசனின் இதழ்கள் மீண்டும் மீண்டும் நூல்களாக வந்துகொண்டிருந்தபோது, பொல்லாக்கின் இதழ்கள் தொகுக்கப்படாமலே கிடந்தன. 2022இல்தான் ஒரே பெருந்தொகுதியாக வந்தன. 2023 ஏப்ரலில் அவர் இறந்தார். நீங்கள் மனுவில் 2023ஐ இழப்பின் ஆண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் இழப்புக் கணக்கில் அவர் இல்லை.

மனுவை அப்படியே அனுப்ப வேண்டாம். 2023ஆம் ஆண்டுத் தொடர் உங்களுக்குப் பிடித்திருந்தால், அதை எழுதிய டென்னிஸ் கல்வரும் வரைந்த கிறிஸ் பர்ன்ஹாமும் தொடர வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் யார் எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். இன்னொன்றும் உண்டு: பொல்லாக்கின் தொகுதியை நீங்கள் படிக்கவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன், கேட் காட்வினைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாததால். விலை அதிகம்தான், நண்பர்கள் சேர்ந்து வாங்குங்கள். படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.