அணிலுக்கு என்ன வேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். என் மகளுக்கு ஏழு வயது. அவளுடைய நெருங்கிய தோழி சக்கர நாற்காலியில் இருப்பவள். இரண்டு பேரும் கேரம் ஆட உட்கார்ந்தால் வீடு ரெண்டுபடும். கையை நகர்த்தினாய், காயை ஒளித்தாய் என்று ஓயாத சண்டை. போன மாதம் சொந்தக்காரர் ஒருவர் மகளுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் பரிசளித்தார். ஒரு கால் இல்லாத அணில்குட்டியை எல்லா மிருகங்களும் கேலி செய்கின்றன. ஒரு மான்குட்டி மட்டும் பழம் பறித்துக் கொடுக்கிறது. மற்றவை மனம் திருந்துகின்றன. அணில் கண்ணீரோடு நன்றி சொல்கிறது. மகளுக்கு ரொம்பப் பிடித்துப்போய் தினமும் படிக்கச் சொன்னாள்.

அப்புறம்தான் வினை. இப்போது தோழி வந்தால் இவள் வேண்டுமென்றே காயைத் தவறவிடுகிறாள். "ரெட் காயை நீயே எடுத்துக்கோ" என்கிறாள். போன வாரம் அந்தப் பெண் ஸ்ட்ரைக்கரைத் தூக்கி எறிந்து, "ஒழுங்கா ஆடுறதா இருந்தா ஆடு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். எங்கே பிசகியது? புத்தகத்திலா, நான் படித்துக்காட்டிய விதத்திலா? இந்த மாதிரிப் புத்தகங்களை எதைப் பார்த்து வாங்குவது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். தெருவில் கை இல்லாத ஒருவரைப் பார்த்து, "ஏன் அந்த மாமாவுக்குக் கை இல்ல?" என்று இவள் சத்தமாகக் கேட்டுவிட்டாள். வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்?

பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

* * *

அன்புள்ள வாசகிக்கு,

மகளின் தோழியை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அந்தப் புத்தகத்துக்கு அவளைவிடச் சுருக்கமாக யாரும் மதிப்புரை எழுத முடியாது.

உங்கள் மகள் மேல் குற்றமே இல்லை. புத்தகம் சொன்னதை அச்சுப் பிசகாமல் செய்திருக்கிறாள். கதையில் மான் யோசிக்கிறது, முடிவெடுக்கிறது, மரத்தடிக்கு ஓடுகிறது, மற்றவர்களைத் திருத்துகிறது. அணில் என்ன செய்கிறது? கேலியைத் தாங்கிக்கொள்கிறது, பழத்தை வாங்கிக்கொள்கிறது, அழுகிறது. அதற்கு எந்தப் பழம் பிடிக்கும், யாரோடு சண்டை, எதில் போக்கிரித்தனம் என்று ஒரு வரி கிடையாது. மான் எவ்வளவு நல்ல பிள்ளை என்று காட்ட அணிலின் கால் தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஏழு வயதுப் பிள்ளை இதைக் கேட்டால் மானாக இருக்கத்தானே ஆசைப்படும்? மானாக இருக்க வேண்டுமானால் எதிரே ஓர் அணில் வேண்டும். தோழியை அந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டாள்.

அதனால் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். மாற்றுத்திறனாளியாக வரும் பாத்திரத்துக்குச் சொந்தமாக ஓர் ஆசை இருக்கிறதா? அது கதையை நகர்த்துகிறதா? பிடிவாதம் பிடிக்கிறதா, பொய் சொல்கிறதா, தப்புச் செய்து மாட்டிக்கொள்கிறதா? இருந்தால் வாங்கலாம். பின்னட்டையில் 'அன்பைப் போதிக்கும் கதை' என்று போட்டிருந்தால் மட்டும் கொஞ்சம் உஷாராகப் புரட்டுவேன்.

இதற்கு நேர் எதிரான ஒரு வகையும் உண்டு. குறைபாட்டைப் பற்றிப் பேசவே பேசாது. 'நாம் எல்லோரும் ஒன்றுதான்' என்று முடித்துவிடும். 1999-இல் ஜீன் வில்லிஸ் எழுதி டோனி ராஸ் படம் வரைந்த ஒரு நூல் இந்த வகையில் புகழ்பெற்றது. சூசன் என்ற சிறுமி சிரிக்கிறாள், பாடுகிறாள், ஊஞ்சலாடுகிறாள், கோபப்படுகிறாள். கடைசிப் பக்கத்தில்தான் அவள் சக்கர நாற்காலியில் இருப்பதைப் பார்க்கிறோம். அழகான புத்தகம், மறுக்கவில்லை. சூசனுக்குக் கோபம் வருகிறது என்பதே பெரிய விஷயம். ஆனாலும் எனக்கு அதில் ஒரு நெருடல். அந்தக் கடைசிப் பக்கம் யாரை ஆச்சரியப்படுத்த? சக்கர நாற்காலியிலேயே வளரும் பிள்ளைக்கு அது என்ன அதிசயம்? 'ஏன் இவ்வளவு நேரம் மறைச்சு வெச்சாங்க?' என்றுதான் அது கேட்கும்.

இந்த நெருடலுக்குத் துணையாக ஓர் ஆய்வும் இருக்கிறது. 2006-இல் வெளியானது, செய்தவர்கள் லிண்ட்சே காமரன், ஆடம் ரட்லண்ட் என்ற இரு உளவியலாளர்கள். குறைபாடு இல்லாத, 5 முதல் 10 வயது வரையான 67 பிள்ளைகள், வாரம் ஒருமுறை, ஆறு வாரம் கதை படித்தார்கள். எல்லாமே மாற்றுத்திறனாளிப் பிள்ளையும் மற்றொரு பிள்ளையும் நண்பர்களாக இருக்கும் கதைகள். அவற்றையே மூன்று விதமாக எழுதியிருந்தார்கள். ஒன்று பொதுப்படையானது. இன்னொன்று ஒவ்வொரு பாத்திரத்தின் தனிக்குணங்களை முன்னால் நிறுத்தியது. மூன்றாவது, இவர்களில் ஒருவர் மாற்றுத்திறனாளி, மற்றவர் அப்படியில்லை என்பது மறந்துபோகாதபடி எழுதப்பட்டது. கதை படித்த பிறகு பிள்ளைகளின் மனப்பான்மை நல்லவிதமாக மாறியது. அதிலும் மூன்றாவது விதத்தில்தான் மாற்றம் தூக்கலாகத் தெரிந்தது. 67 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், அதை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆனால் மறைத்தால்தான் பிள்ளைகள் வித்தியாசம் பார்க்காமல் இருப்பார்கள் என்ற நம் எண்ணத்தை அது லேசாகத் தட்டுகிறது. அந்தக் கதைகள் எல்லாமே நட்புக் கதைகள் என்பதையும் கவனியுங்கள்.

இனி படங்கள். வரிகளை நாலு பேர் திருத்திவிடுகிறார்கள், படத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். சக்கர நாற்காலியை முதலில் பாருங்கள். பெரிய கைப்பிடியும் உயர்ந்த முதுகுமாக ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும் நாற்காலியா, பிள்ளையின் உடம்புக்கு ஏற்றபடி முதுகு தாழ்ந்து, தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போகிறமாதிரி இருக்கிறதா? எல்லாப் பக்கத்திலும் பின்னால் ஒருவர் நின்று தள்ளிக்கொண்டே இருந்தால், ஓவியர் அந்த நாற்காலியில் வாழ்கிற யாரையும் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. பார்வையற்ற பாத்திரம் வெண்கோலைத் தாத்தாவின் ஊன்றுகோல்போல ஊன்றி நடந்தாலும் அப்படித்தான். அந்தக் கோல் பாரம் தாங்க இல்லை. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் தரையை இடமும் வலமுமாகத் தொட்டுப் பார்த்துச் சொல்வதற்கு. காது கேட்கும் கருவி முதல் பக்கத்தில் மட்டும் இருந்து, அடுத்த பக்கங்களில் காணாமல் போவதும் நடக்கும்.

படிக்கட்டுகளையும் தேடுங்கள். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பிள்ளையை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடப் படியேறும் காட்சி இந்த வகைப் புத்தகங்களில் அடிக்கடி வரும். பார்த்தால் கண் கலங்கும். எனக்குக் கோபம்தான் வருகிறது. தினமும் நாலு பேர் தயவில் வகுப்புக்குப் போவது எந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும்? இந்தப் பள்ளிக்கூடத்தில் ஏன் ஒரு சாய்தளம் இல்லை என்று கதையில் வரும் எந்தப் பெரியவரும் கேட்பதில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக 2006-இல் ஐ.நா. ஏற்ற உடன்படிக்கை, உடலில் உள்ள குறைபாடும் சுற்றுப்புறம் போடும் தடையும் சேர்ந்துதான் ஒருவரை மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கெடுக்க விடாமல் தடுக்கின்றன என்கிறது. ஏழு வயதுக்கு இது புரியாதா என்றால், நன்றாகவே புரியும். அந்தப் பக்கத்தைக் காட்டி, "இங்க என்ன கட்டியிருந்தா அவனே மேல போயிருப்பான்?" என்று உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள். பென்சிலை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

முடிவில் நடக்க முடியாத பிள்ளை எழுந்து நடந்துவிடும் கதைகளும் நிறைய இருக்கின்றன. 'ஹெய்டி'யில் கிளாரா நடந்தாள். 1911-இல் வந்த 'ரகசியத் தோட்ட'த்தில் காலின் நடந்தான். பழைய நாவல்கள், அந்தக் காலத்துக்கு அப்படி. இன்றைக்குப் புதிதாக எழுதுகிறவர்களும் அதே முடிவை வைத்தால் சிரமம்தான். குறைபாட்டை வென்ற சாதனையாளர் கதைகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அதனால் ஒன்று மட்டும். நாங்கள் உங்களுக்கு ஊக்கமருந்து இல்லை என்று ஸ்டெல்லா யங் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி 2014-இல் மேடையேறிப் பேசினார். சக்கர நாற்காலி பயன்படுத்தியவர், நகைச்சுவைக் கலைஞரும்கூட. இமயமலை ஏறினால்தான் மதிப்பு என்றால், சும்மா கேரம் ஆட நினைக்கிற பிள்ளை என்ன செய்யும்?

தெருவில் நடந்ததற்கு வருகிறேன். மகள் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. வாயைப் பொத்தியதும், இது பேசக்கூடாத பயங்கரம் என்று அவளுக்குப் பதிந்துவிடும். அந்த மனிதருக்கும் அது காதில் விழுந்த கேள்வியைவிட அதிகமாக வலிக்கும். அடுத்த முறை சாதாரணக் குரலில் சொல்லுங்கள்: "சிலருக்குப் பிறக்கும்போதே அப்படி இருக்கும், சிலருக்கு அப்புறம் ஏதாவது ஆகியிருக்கும். அவருக்கு எப்படின்னு நமக்குத் தெரியாது. தெரிஞ்சுதான் ஆகணும்னு இல்ல."

கடைசி வாக்கியம் முக்கியம். ஜேம்ஸ் கேச்போல் என்பவர் 2021-இல் எழுதிய படக்கதை ஒன்று இதையே பேசுகிறது. ஒற்றைக் காலுள்ள ஜோ கடல்கொள்ளைக்காரன் விளையாட்டில் மும்முரமாக இருக்கிறான். மற்ற பிள்ளைகள் வந்து, உனக்கு என்ன ஆச்சு என்று விடாமல் கேட்டு, ஆளுக்கொரு ஊகத்தை அடுக்குகிறார்கள். இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு அவனுக்கு அலுத்துப்போயிருக்கிறது. எழுதியவருக்கும் ஒரு கால்தான். வெளியே இருந்து எழுதுகிறவருக்கு அந்த அலுப்பு அவ்வளவு சுலபத்தில் எட்டாது. மாற்றுத்திறனாளிகளே எழுதிய அல்லது வரைந்த புத்தகம் கிடைத்தால் அதை முதலில் எடுக்கச் சொல்வது இதனால்தான்.

அணில் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். இன்னொரு முறை படித்து, அணிலுக்கு வசனம் எழுதச் சொல்லுங்கள். தோழி வந்திருந்தால் அவளும் எழுதட்டும். மானுக்கு நல்ல திட்டு விழும் என்று நினைக்கிறேன்.

பட்டியல் வேண்டுமானால், ஐபிபிஒய் என்ற சர்வதேச இளையோர் நூல் அமைப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பல மொழிகளிலிருந்து இதற்கென்றே நூல்களைத் தேர்ந்தெடுக்கிறது. நூல்கள் கனடாவில் டொரண்டோ பொது நூலகத்தில் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகளைப் பாத்திரமாகக் கொண்ட கதைகள் அதில் ஒரு பகுதிதான். பிரெய்ல், சைகை மொழி, தொட்டுப் பார்க்கும் படங்கள் என்று அந்தப் பிள்ளைகள் தாங்களே படிக்கும் புத்தகங்களும் இருக்கின்றன. என்னைக் கேட்டால் அந்தப் பகுதியிலிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்