கேமரா டிரைவரில் எந்த கண்ட்ரோலை வெளியே விடலாம்? – கேள்வி பதில்

லினக்ஸ் கேமரா டிரைவர் (கேமராவை இயக்கும் புரோகிராம்) எழுதுகிற கோயமுத்தூர்க்காரர் ஒருவரிடம் நம்ம பக்கத்து ஆட்கள் கேட்டவை. கண்ட்ரோல் என்பது, பயன்படுத்துகிறவர் மாற்றிக்கொள்ள டிரைவர் வெளியே விடும் அமைப்பு.

திருப்பூர், செக்கிங் யூனிட்: ஏனுங்கண்ணா, துணி செக்கிங் மேசைக்கு மேல கேமரா மாட்டியிருக்கோம். படத்துல குறுக்கே பட்டை பட்டையா ஓடுது, துணியிலதான் குறைன்னு தோணுதுங்க. கேமரா போயிருச்சுங்களா?

கேமரா நல்லாத்தானுங்க இருக்கும். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சோக் போட்ட பழைய டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மங்கி எரியும். கேமராவுக்குள்ள இருக்கிற சென்சார் படத்தை வரி வரியா எடுக்குறதால சில வரிக்கு வெளிச்சம் கூடும், சிலதுக்குக் குறையும். அதுதான் பட்டை.

லினக்ஸில் கேமராவுக்கான பொது முறையான வி4எல்2-வில் ‘பவர் லைன் ஃப்ரீக்வென்சி’ன்னு ஒரு கண்ட்ரோல் இருக்கு. அது 60-ல் இருந்தா 50-க்கு மாத்துங்க. எக்ஸ்போஷரை (சென்சார் வெளிச்சம் வாங்குற நேரத்தை) கையாலேயே வைக்கிறதா இருந்தா 10 மில்லிசெகண்ட், 20 மில்லிசெகண்ட்னு பத்தின் மடங்கா வைங்க. யுவிசி (யுஎஸ்பி கேமராக்களுக்கான பொது முறை) வெப்கேமில் அந்த எண் 100 மைக்ரோசெகண்ட் கணக்கு. 10 மில்லிசெகண்ட் வேணும்னா 100 போடணும். துணி வேகமா ஓடினா 20 வேண்டாம், படம் இழுபட்டுரும்.

டிரைவர் எழுதுறவங்க இதைக் கவனிக்கணும். கேமரா எந்த ஊர் கரண்டில், எந்த லைட்டுக்குக் கீழே ஓடப்போகுதுன்னு டிரைவருக்குத் தெரியாது. மேசையில் நிக்கிறவருக்குத் தெரியும். அப்படிப்பட்டதைத்தான் அவர் கையில் கொடுக்கணும்.

பெருந்துறை, கல்லூரி மாணவி: சென்சாரோட டேட்டாஷீட்டில் நூத்துக்கணக்கான ரெஜிஸ்டர் (அமைப்பு எண்ணை எழுதுற இடம்) இருக்குங்க. எல்லாத்தையும் கண்ட்ரோலாக் குடுத்துட்டா, வேணுங்கறவங்க எடுத்துக்குவாங்கல்ல?

வேண்டாம் அம்மிணி. சென்சாரோட கடிகார வேகத்தை வைக்கிற பிஎல்எல் ரெஜிஸ்டரில் ஒரு எண் தப்பினால் படமே நின்னுரும்; அதை மாத்தச் சொல்லி யாரைக் கேட்பது? படத்தைப் பார்த்து ‘இன்னும் கொஞ்சம் கூட்டணும்’னு ஒருத்தர் சொல்ல முடிஞ்சா அது கண்ட்ரோல். எக்ஸ்போஷர், கெயின் (சிக்னலைப் பெருக்குற அளவு), படத்தைத் திருப்புறது எல்லாம் அந்த வகை. மத்ததை டிரைவரே பார்த்துக்கணும்.

இன்னொன்னு, லினக்ஸோட மையமான கெர்னலில் ஒருமுறை வெளியே விட்டதைத் திரும்பப் பிடுங்க முடியாது. அதை நம்பி யாரோ புரோகிராம் எழுதியிருப்பாங்க, அது உடையக்கூடாது. அவசரத்தில் நான் சேர்த்த ஒரு கண்ட்ரோலை, அடுத்த சென்சாரில் அந்த வசதியே இல்லாதபோதும் சுமக்க வேண்டி வந்தது.

கரூர்: ஆட்டோ எக்ஸ்போஷர் ஓடும்போது எக்ஸ்போஷர் ஸ்லைடரை நகர்த்தினா ஒன்னுமே ஆகலைங்க.

அப்ப டிரைவர் பொய் சொல்லுது, திருத்தியே ஆகணும். வி4எல்2-வுக்கு ஹான்ஸ் வெர்குய்ல் எழுதின கண்ட்ரோல் ஃபிரேம்வொர்க்கில் (கண்ட்ரோல்களைக் கையாள டிரைவர்களுக்கான பொது கோடு) ‘ஆட்டோ கிளஸ்டர்’ இருக்கு. ரெண்டையும் அதில் கட்டிட்டா, ஆட்டோ ஓடும்வரை எக்ஸ்போஷர் செயலில் இல்லைன்னு டிரைவரே அறிவிக்கும்; ஆப்பும் ஸ்லைடரை மங்கலாக் காட்டலாம்.

பொள்ளாச்சி: எல்லா ஸ்லைடரையும் 0–100-க்கு மாத்திக் குடுத்தா வசதியில்லைங்களா?

அதை ஆப் செய்யட்டும் தம்பி. டிரைவர் சென்சாரோட உண்மையான எல்லையைச் சொல்லணும். அந்த எல்லையும் நிலையா நிக்காது: நொடிக்கு 25 ஃபிரேம்னா ஒரு ஃபிரேமுக்கு 40 மில்லிசெகண்ட்தான், எக்ஸ்போஷர் அதுக்குள்ள அடங்கணும். ஃபிரேம் வேகம் மாறினா எல்லையையும் அப்பவே மாத்திச் சொல்லுங்க.

கோபி: வீடியோ ஓடாதப்ப வைக்கிற கெயின் நிக்கமாட்டேங்குதுங்க.

சென்சாருக்கு அப்ப பவர் இருக்காதுங்க. மதிப்பை ஃபிரேம்வொர்க் நினைவில் வெச்சிருக்கும். வீடியோ தொடங்கும்போது எல்லாத்தையும் சென்சாரில் மறுபடி எழுதுற வரி உங்க டிரைவரில் விட்டுப்போயிருக்கும், பாருங்க.