ரொறன்ரோவில் கூரை மாற்றப் பெர்மிட் வேண்டுமா? கேள்வி பதில்

வீடுகளுக்கான பெர்மிட் வரைபட வேலை செய்பவன் என்பதால், கூரை பற்றி நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஸ்காபரோவில் பங்களோ வைத்திருக்கிறோம். கூரைக்கு மேல் அடித்திருக்கும் பழைய சிங்கிள்ஸ் துண்டுகளைக் கழற்றிப் புதிது அடிக்கப் பெர்மிட் எடுக்கவேண்டுமா தம்பி?

தேவையில்லை அக்கா. மரச்சட்டகத்தில் கைவைக்காமல் மேல்மூடியை மட்டும் மாற்றினால் ரொறன்ரோ சிற்றி (நகரசபை) பெர்மிட் கேட்பதில்லை. ஆனால் கழற்றிப் பார்க்கும்போது கைமரமே உக்கியிருந்தால் வேலையை நிறுத்திவிட்டு முதலில் சிற்றியிடம் கேளுங்கள்.

பெர்மிட் இல்லையென்றால் எப்படி அடித்தாலும் சரிதானே?

இல்லை. பெர்மிட் தேவைப்படாத வேலைக்கும் ஒன்ராறியோ கட்டடச் சட்டவிதிகள் பொருந்தும். குளிர்காலத்தில் வீட்டுச் சூடு அற்றிக்குள், அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலுள்ள வெளிக்குள், ஏறிக் கூரைப் பனியை உருக்கும். அந்தத் தண்ணீர் குளிர்ந்த தாழ்வார ஓரத்துக்கு வந்து மறுபடி உறைந்து அணைபோல நிற்கும். பின்னால் தேங்கும் தண்ணீர் சிங்கிள்ஸுக்கு அடியால் ஊறிச் சுவருக்குள் இறங்கும். அதனால்தான் ஓரத்திலிருந்து மேல்நோக்கி குறைந்தது 900 மில்லிமீற்றருக்கும், வெளிச்சுவரின் உட்பக்கத்தைத் தாண்டி 300 மில்லிமீற்றர் வரைக்கும் பாதுகாப்புப் படலம் போடச் சொல்கிறார்கள். காற்றோட்டத் துவாரங்களின் பரப்பும் பொதுவாகக் கூரைக்குக் கீழுள்ள சீலிங் பரப்பில் 300இல் ஒரு பங்காவது இருக்கவேண்டும். விலை கேட்கும்போது இந்த இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். மலிவான விலைகளில் முதலில் வெட்டுப்படுவது இவைதான்.

ஊரில் போல ஓடு போட ஆசை. முடியுமா?

முடியும், ஆனால் பாரத்தை யோசியுங்கள். சிங்கிள்ஸ் சதுர மீற்றருக்குச் சுமார் 10 முதல் 12 கிலோ. கொங்கிறீற் ஓடு 45 கிலோவுக்கும் மேல் போகும். அதற்கு மேல் பனியும் ஏறும். சிங்கிள்ஸுக்காகக் கணக்கிட்ட கூரை அதைத் தாங்குமா என்று பொறியியலாளர் பார்த்துச் சொல்லவேண்டும். சட்டகத்தைப் பலப்படுத்துவதென்றால் பெர்மிட் கட்டாயம்.

கூரை மாற்றும்போதே அற்றிக்குள் ஓர் அறை எடுக்கலாம், குறுக்கே நிற்கும் இரண்டு மரத்தை வெட்டினால் போதும் என்கிறார் கொன்ராக்டர்.

தயவுசெய்து வெட்ட விடாதீர்கள் அண்ணா. பல வீடுகளில் மேலே இருப்பது தொழிற்சாலையில் கணக்கிட்டுச் செய்த ட்ரஸ் என்ற மரச்சட்டகம். அதிலே சும்மா நிற்கும் மரம் ஒன்றுகூட இல்லை. ஒன்றை வெட்டினால் பாரம் வேறு இடத்தில் போய் விழும். கூரை தொய்யும், சுவர் வெளியே தள்ளும். கீழே பிள்ளைகள் படுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இதற்குப் பெர்மிட் கண்டிப்பாக வேண்டும். எல்லாம் சேர்த்துக் கொடுத்த விண்ணப்பம் என்றால், வீடுகளுக்கு 10 வேலைநாட்களுக்குள் சிற்றி முடிவு சொல்லவேண்டும். கூரையை உயர்த்துவதென்றால், எவ்வளவு உயரம் கட்டலாம் என்று சொல்லும் வலய விதிகளையும் பார்க்கவேண்டும். உயரம் மீறினால், விதிவிலக்குக் கேட்டுப் போகும் குழுவான கமிற்றி ஒவ் அட்ஜஸ்ட்மென்ற் வரை போகவேண்டிவரும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

ஸ்கைலைட், சோலார்?

புதிதாகத் துளை வெட்டி ஸ்கைலைட் (கூரைக் கண்ணாடி யன்னல்) வைத்தால் பெர்மிட் வேண்டும். சோலார் தகடுகளின் பரப்பு 5 சதுர மீற்றரைத் தாண்டினாலும் வேண்டும்.

பக்கத்து மார்க்கம் (Markham) நகரில், யூனியன்வில் பழைய பகுதியில் வீடு வாங்கியிருக்கிறோம். அங்கேயும் இதே விதியா?

அது மரபுரிமைப் பாதுகாப்பு வட்டாரம் தங்கச்சி. கட்டடப் பெர்மிட் தேவைப்படாத மாற்றத்துக்குக்கூட மரபுரிமை அனுமதி தேவைப்படலாம், சிங்கிள்ஸின் நிறம் தெரிவுசெய்யும் முன்பே மார்க்கம் சிற்றியிடம் கேட்டுவிடுங்கள். அப்புறம், கொண்டோ நிர்வாகத்தின் கீழுள்ள ரவுன்ஹவுஸில் (வரிசை வீட்டில்) இருப்பவர்களுக்கும் ஒன்று: கூரை பெரும்பாலும் பொதுச்சொத்து, நீங்களாக ஆள்பிடித்து மாற்றமுடியாது.

வீட்டுக் கதவைத் தட்டி வந்தவர், “பெர்மிட் எல்லாம் நாங்கள் பார்ப்போம், இன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள்” என்றார். போட்டுவிட்டேன். இனி என்ன செய்வது?

பயப்படாதீர்கள். வீட்டுக்கு வந்து எழுதிய ஒப்பந்தம் என்றால், அதன் எழுத்துப் பிரதி உங்கள் கைக்கு வந்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். எழுத்தில் அறிவித்து, அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அவரோடே தொடர்வதென்றால், பெர்மிட் தேவைப்படும் வேலையை அதன் பிரதியைப் பார்க்காமல் தொடங்கவிடாதீர்கள். பெர்மிட் இல்லாமல் கட்டினால் வீட்டுக்காரரும் மாட்டுவார். முதல் குற்றத்துக்கே தனிநபருக்கு 50,000 டொலர் வரை தண்டம் போகலாம். ஒப்பந்தத்தில் மதிப்பீட்டுத் தொகை எழுதியிருந்தால், நீங்கள் சம்மதிக்காமல் அதற்குமேல் 10 வீதத்தைத் தாண்டி அவர் வாங்கமுடியாது.