பூக்கட்டும் நேரத்தில் கைவேலை

கேள்வி: காவேரிப்பட்டினம் அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். மாங்கூழ் ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். வீட்டுக்குப் பின்னால் உள்ள கொஞ்ச இடத்தில் தக்காளி, அவரை, பீர்க்கு, கனகாம்பரம், செண்டுமல்லி போட்டிருக்கிறேன். ஒயர் கூடை பின்னுவதும், அண்ணன் கொடுக்கும் பட்டுக்கூடுகளில் பூவும் மாலையும் செய்வதும், துணியில் பூத்தையல் போடுவதும் எனக்கு உயிர். ஆனால் ஒரு வாரம் ராத்திரி பகலாகச் செய்வேன், பிறகு அப்படியே விட்டுவிடுவேன். வைகாசி, ஆனி இரண்டு மாதமும் தொடவே இல்லை. பாதியில் நிற்கும் கூடை ஒன்று, நாத்தனாருக்காகத் தொடங்கிய தலையணை உறை ஒன்று, ஒரு டப்பா நிறையப் பட்டுக்கூடு, எல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கு என்கிறார்கள் தோழிகள். ஒதுக்கினால் செடி வாடுகிறது. "வேலையற்ற வேலை" என்று மாமியார் முணுமுணுக்கிறார். விட்டுவிடட்டுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

விட வேண்டாம். வைகாசியும் ஆனியும் உங்கள் ஊரில் மாங்கூழ் ஆலைகள் முழு மூச்சாக ஓடும் காலம். தோத்தாபுரி மாம்பழம் லாரி லாரியாக வந்து இறங்கும்போது, எடை போட்டதற்கெல்லாம் கணக்கு வைக்கிறவர் பொழுதோடு வீடு திரும்ப முடியுமா? வீட்டிலும் அப்போதுதான் மாங்காய் ஊறுகாய், வற்றல் வேலை. அந்த இரண்டு மாதம் ஊசியைத் தொடவில்லை என்று உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். முதலில் அதிலிருந்து இறங்குங்கள். அடுத்த ஆண்டும் அந்த இரண்டு மாதம் கைவேலை கிடையாது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். முடிவு செய்து நிறுத்தியதை மறுபடி எடுப்பது எளிது. கைநழுவி நின்றுபோனதை எடுக்கத்தான் மனம் கூசுகிறது.

தினமும் ஒரு மணி நேரம் என்ற யோசனை தோட்டம் இல்லாதவர்களுக்குப் பொருந்தலாம். உங்களுக்குப் பொருந்தாது. செடி கடிகாரம் பார்ப்பதில்லை. ஒரு நல்ல மழை பெய்தால் மறுநாள் முழுக்கக் களை. தக்காளியில் புழு கண்டால் அன்றைய மாலை அதோடு சரி. நீங்கள் ஒதுக்கிய ஒரு மணி நேரத்தை இரண்டு நாள் தோட்டம் எடுத்துக்கொண்டதும், மூன்றாம் நாள் "இனி எங்கே" என்று தோன்றிவிடுகிறது. அதனால் நேரம் தேட வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே நடக்கிற ஒன்றின் பக்கத்தில் கைவேலையை உட்கார வையுங்கள்.

உங்கள் வீட்டில் கனகாம்பரம் இருக்கிறது. பறித்த பூவை மாலையில் யார் கட்டுகிறார்? நீங்கள் எழுதவில்லை. உங்கள் மாமியார்தான் என்று நினைக்கிறேன். பூக்கட்டுவதும் கைவேலைதான். நாரைக் கால் விரலில் மாட்டிக்கொண்டு, இரண்டிரண்டு பூவாக எதிரெதிரே வைத்து முடிச்சுப் போடும் அந்த வேலையை யாராவது வேலையற்ற வேலை என்று சொல்கிறார்களா? சொல்வதில்லை. அது தினமும் நடக்கிறது, அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது, முடிந்ததும் தலைக்கும் சாமிக்கும் போய்விடுகிறது. உங்கள் கூடைக்கும் அந்த இடத்தைக் கொடுங்கள். அவர் பூக்கட்ட உட்காரும்போது நீங்களும் பக்கத்தில் கூடையோடு உட்காருங்கள். பூ தீரும் வரைதான் வேலை. சில நாள் கால் மணி நேரம், பூ குறைந்த நாளில் அதுவும் இல்லை. போதும். கூடை சுற்றுச் சுற்றாக ஏறும். ஓராண்டில் நீங்கள் கடிதத்தில் எழுதிய "ராத்திரி பகல்" வாரங்கள் கொடுத்ததைவிட இது அதிகம் கொடுக்கும். ஒகேனக்கல் குடிநீருக்காகக் குழாயடியில் காத்திருக்கும் நேரம், மோட்டார் போட்டுவிட்டுத் தொட்டி நிரம்பப் பார்த்திருக்கும் நேரம், இவையெல்லாம் மேலே கிடைக்கிற கொசுறு.

ஆனால் எல்லா வேலையும் பூக்கட்டும் நேரத்துக்கு ஒத்துவராது. உங்கள் கூடை பாதியில் நிற்பதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று எண்ணுகிறேன். ஒயர் கூடையில் அடிப்பாகத்துக்கு எண்ணிக்கை உண்டு. ஒயரை அளந்து வெட்டி, மடித்து, வரிசைக்கு இத்தனை முடிச்சு என்று எண்ணிப் போட வேண்டும். நடுவில் பிள்ளை கூப்பிட்டால் எண்ணிக்கை தவறும், ஒரு முடிச்சு கூடினால் கூடை கோணும். ஆகவே அடி போடுவதை ஞாயிற்றுக்கிழமை பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போய் வந்து சாப்பிட்டு ஓய்ந்த நேரம், வீட்டில் யாரும் எதையும் கேட்காத நேரம். அடி முடிந்து பக்கம் எழும்பிவிட்டால் பிறகு கணக்கே இல்லை, சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்யலாம். எழுந்து போகும்போது கையில் இருக்கும் முடிச்சை மட்டும் இறுக்கிவிட்டு, ஓடும் ஒயரின் முனையில் துணிக்கு மாட்டும் கிளிப் ஒன்றைக் கவ்வ விடுங்கள். நெகிழாது. சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு போன்ற கண்ணைப் பறிக்கும் வகைகளைச் சாதா முடிச்சில் இரண்டு கூடை முடித்த பிறகு எடுக்கலாம். பூத்தையலுக்கும் இதே முறைதான். படம் வரைவது, நிறம் தேர்வது ஞாயிற்றுக்கிழமைக்கு. சங்கிலித் தையலால் கொடியை ஓட்டுவது மற்ற நாளுக்கு. ஊசியில் நூல் கோத்தபடியே துணியில் குத்தி வையுங்கள். மறுநாள் எடுத்ததும் முதல் தையல் போட்டுவிட வேண்டும். நூலைத் தேடி, கத்தரிக்கோலைத் தேடி எழுந்தால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்ட வேலை செய்கிறவர்களின் விரலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. களை பிடுங்கி, மண்ணைக் கிளறி வந்த கையில் பட்டு நூலை எடுத்துப் பாருங்கள். விரல் நுனியின் சொரசொரப்பில் இழை சிக்கிப் பிரியும், பளபளப்புப் போய்விடும். உங்களுக்குக் கை வரவில்லை என்று அர்த்தம் இல்லை, தோல் அப்படி. தேங்காயெண்ணெயில் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து விரல்களைத் தேய்த்துக் கழுவினால் ஓரளவு வழுவழுப்பாகும். அதைவிட நல்லது, களை மும்முரமாக இருக்கும் மாதங்களில் நூல் வேலையையே தள்ளி வைப்பது. அப்போது ஒயரும் நாரும் எடுங்கள். முரட்டுக் கைக்கு முரட்டுப் பொருள்.

அப்படிப் பார்த்தால் உங்கள் ஆண்டு தானாகவே பிரிந்துவிடுகிறது. இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஆடி பிறந்திருக்கும். ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டியவர் நீங்கள். அவரை, பீர்க்கு எல்லாம் இப்போது மண்ணுக்குள் போயாக வேண்டும். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி வரை மழையும் களையும். அதுவரை கூடை மட்டும். கார்த்திகைப் பனியில் அவரை பூத்துக் காய்க்கத் தொடங்கியதும் பறிப்பதைத் தவிர பெரிய வேலை இருக்காது. கார்த்திகை முதல் பங்குனி வரைதான் பூத்தையலுக்கும் பட்டுக்கூட்டுக்கும் உங்கள் பருவம். நாற்றங்காலுக்கு ஒரு பருவம் இருப்பதை ஏற்கிற மனம், ஊசிக்கும் ஒரு பருவம் உண்டு என்பதை ஏன் ஏற்க மறுக்க வேண்டும்?

தோட்டத்தையும் கைவேலையையும் எதிரெதிர்க் கட்சியாக வைத்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பீர்க்கங்கொடியில் இந்த முறை நாலைந்து காய்களைப் பறிக்காமல் விடுங்கள். கொடியிலேயே முற்றிப் பழுப்பாகி, கையில் எடுத்தால் எடையே தெரியாமல், ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும் வரை விட வேண்டும். பிறகு நுனியை வெட்டித் தட்டினால் விதை கொட்டும், அது அடுத்த பட்டத்துக்கு. காயை இரவு நீரில் ஊறப்போட்டால் காலையில் தோல் உரிந்து வரும். அலசி வெயிலில் காயவைத்த நாரை வட்டமாக நறுக்கி, பழைய பருத்திச் சேலையில் ஓரம் கட்டித் தைத்தால் உடம்பு தேய்க்கவும் பாத்திரம் துலக்கவும் ஆகும். களைக் காலத்து முரட்டு விரலுக்கு ஏற்ற தையல் இது.

செண்டுமல்லியும் அப்படித்தான். ஆயுதபூஜைக்குக் கட்டிய மாலைகள் மறுநாள் குப்பைக்குப் போகும் முன் இதழ்களை உதிர்த்து நிழலில் உலர்த்தி வையுங்கள். வெண்பருத்தித் துணியைக் கடுக்காய் நீரில் ஊறவைத்துக் காயவைத்து, பிறகு படிகாரக் கரைசலில் நனைத்து, செண்டுமல்லி இதழைக் கொதிக்கவைத்து வடிகட்டிய நீரில் போட்டு மெல்லிய தீயில் வைத்தால் நல்ல மஞ்சள் பிடிக்கும். கடுக்காயும் படிகாரமும் இல்லாமல் நேராகப் போட்டால் இரண்டு துவையலில் வெளுத்துவிடும். அந்த மஞ்சள் துணி பூத்தையலுக்கு அருமையான தளம். கடையில் அந்த நிறம் கிடைக்காது.

பட்டுக்கூட்டு டப்பாவை மட்டும் இன்றே திறந்து பாருங்கள், இது காத்திருக்காது. அண்ணன் தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டுபோகும் முன் ஒதுக்கிய கழிவுக்கூடுகள்தானே? கறை பட்டதும், இரண்டு புழு சேர்ந்து கட்டியதும், பூச்சி துளைத்து வெளியேறியதும் நூற்பவர்களுக்கு ஆகாது. நல்ல கூட்டிலிருந்து ஆயிரம் மீட்டர் அளவுக்கு ஒரே இழையாக ஓட வேண்டிய நூல், துளை விழுந்தால் துண்டு துண்டாகிவிடும். பூச்செய்வதற்கு அந்தக் குறை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் உள்ளே கூட்டுப்புழு இருந்தால் நாற்றமெடுக்கும், வண்டு வரும். கூரிய சிறு கத்தரிக்கோலால் ஒரு முனையை வெட்டிப் புழுவை எடுத்துவிடுங்கள், வீட்டுக் கோழி நன்றி சொல்லும். வெற்றுக்கூட்டை ஒரு நாள் வெயிலில் வைத்து, உலர்ந்த வேப்பிலையோடு மூடிய டின்னில் போட்டால் கார்த்திகை வரை கெடாது. சாயம் போடும்போது கொதிநீர் வேண்டாம். கூட்டைப் பிடித்து நிறுத்தும் பசை இளகித் துவண்டுவிடும். வெதுவெதுப்பான சாய நீரில் சில சொட்டு வினிகர் விட்டால் போதும், பட்டு நிறத்தை நன்றாகப் பிடிக்கும். வெட்டுவது ஒரு நாள், சாயம் ஒரு நாள், கோப்பது ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளலாம். இதழ் வெட்டுவது பூக்கட்டும் நேரத்துக்குப் பொருத்தமான வேலை.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். அவர் கையில் இருக்கும் வித்தையைக் கேளுங்கள். பூ நெகிழாமல், நார் அறுபடாமல் சீராகக் கட்டும் அந்த விரல் வேகம் பட்டுக்கூட்டு மாலைக்குத் தேவைப்படுகிறது. "அத்தை, இதைக் கோத்துக் கொடுங்கள், எனக்கு உங்கள் அளவுக்கு வரிசை வரவில்லை" என்று ஒரு பிடி இதழை அவர் முன் வைத்துப் பாருங்கள். உபாயமாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அவர் உங்களைவிட நன்றாகக் கோப்பார். முதல் மாலையைச் சாமி படத்துக்குப் போடச் சொல்லுங்கள்.

விற்கச் சொல்லி யாராவது வருவார்கள். பங்குனி வரை ஆர்டர் எடுக்காதீர்கள். கெடு வந்துவிட்டால் மறுபடி அதே ராத்திரி பகல்தான். பிறகு விருப்பம் இருந்தால், மகளிர் குழுக்களின் பொருள்களை விற்கும் 'பூமாலை' வணிக வளாகத்தில் உங்கள் மகளிர் குழு வழியாகக் கேட்கலாம். ஒயர் விலையோடு உங்கள் உழைப்புக்கும் கூலி சேர்த்து விலை சொல்லுங்கள். கைவேலை என்றால் மலிவு என்று பழக்கிவிட்டது நாம்தான்.

இப்போது பாதியில் நிற்பவை. கூடையைப் பரணிலிருந்தோ பீரோவிலிருந்தோ எடுத்துப் பின்கட்டு வாசலில் ஆணி அடித்து மாட்டுங்கள், உள்ளேயே ஒயரும் கத்தரிக்கோலும் இருக்கட்டும். அடியில் எண்ணிக்கை தவறியிருந்தால் தயங்காமல் பிரித்துவிடுங்கள், ஒயர் வீணாகாது. தலையணை உறையை வெள்ளைத் துணியில் சுற்றி அலமாரியில் வையுங்கள், மாசி வரை அதைப் பார்க்க வேண்டாம். நாத்தனார் கேட்டால் பங்குனியில் கிடைக்கும் என்று இன்றே சொல்லிவிடுங்கள்.