குண்டு விலகினால் குழலையா குறை சொல்வது?

கேள்வி: தாத்தாவுக்குப் பிறகு உரிமத்தோடு எனக்கு வந்த சிக்கிமுக்கித் துப்பாக்கி. குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் வகை, உள்ளே வரிப்பள்ளம் உண்டு. சுடுதளத்தில் ஒரு குண்டு இடப்பக்கம் போகிறது, அடுத்தது கீழே இறங்குகிறது. ஊர்ப் பட்டறையில் கொடுத்துக் குழலைச் சரிசெய்யலாமா? – வாசகர், தேன்கனிக்கோட்டை

பட்டறைக்கு வேண்டவே வேண்டாம். 1959 ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவே தனி உரிமம் வேண்டும். அந்த உரிமம் உள்ளவரிடம் காட்டி, குழலின் அடிப்பகுதி உறுதியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே இனிச் சுடுங்கள். பழைய இரும்பு வெடித்தால் முகத்துக்கு நேரே வெடிக்கும்.

குழலைவிட எனக்குச் சந்தேகம் தீப்பிடிக்கும் இடத்தில்தான். விசையை இழுத்ததற்கும் குண்டு கிளம்புவதற்கும் நடுவே ஒரு கணம் தாமதித்தாலும் கை அசைந்துவிடும். ஒவ்வொரு முறையும் தாமதம் வேறுபட்டால் குண்டும் ஒவ்வொரு பக்கம் போகும்.

மருந்து இல்லாத துப்பாக்கியில் கல்லைப் பாருங்கள். அதன் விளிம்பு எஃகுத் தகட்டில் முழு அகலத்துக்கும் ஒரே சீராகப் பட வேண்டும். தோல் துண்டில் சுற்றி, கல்லைக் கவ்விப் பிடிக்கும் சுத்தியான குதிரையின் வாயில் ஆடாமல் இறுக்குங்கள். நம் பக்கத்து வெங்கச்சங்கல்லும் பொறி தரும், ஆனால் விளிம்பு சீக்கிரம் உதிர்ந்துவிடும். நல்ல கல் போட்டும் பொறி வரவில்லையா? தகட்டின் கடினம் போயிருக்கும். அதை மறுபடி பதப்படுத்துவது உரிமம் பெற்றவரின் வேலை.

அப்புறம் குழலுக்குத் தீ போகும் துளை. மெல்லிய கம்பியால் கரியை எடுங்கள், துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள். வெளிக் கிண்ணத்தில் மருந்தைக் குவித்துத் துளையை மூடினால் அது திரிபோல மெதுவாக எரியும். கொஞ்சமாக, துளைக்குக் கீழே நின்றால் போதும். தளி பக்கம் மார்கழிப் பனியில் அந்த மருந்து ஈரம் இழுத்துக்கொள்ளும், சுடுவதற்குச் சற்று முன் போடுங்கள்.

கரிமருந்தின் கசடு ஈரத்தை இழுத்துத் துருவை வரவழைக்கும். சுட்ட அன்றே வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, லேசாக எண்ணெய் தடவுங்கள். அடுத்த முறை கெட்டிக்கும் முன் அந்த எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் கசடு இறுகி, குண்டு போகப் போகச் சிரமமாக இறங்கும். ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும், குழலுக்குள் கனல் இல்லை என்று உறுதியானதும், மருந்து கெட்டிக்கும் கெஜக்கோலில் ஈரத்துணி சுற்றித் துடையுங்கள். மருந்தின் அளவும் குண்டைச் சுற்றும் துணியின் தடிமனும் மாறக் கூடாது.